மாட்டு உண்ணியும் மழைக் கணக்கும்: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மாடு வளர்ப்போருக்கான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மாடு வைத்திருப்பவர்கள் உண்ணி மருந்தைத் தேடிப் பட்டணத்துக் கடைக்கு வருவது, பெரும்பாலும் மாட்டின் மடியிலும் வாலடியிலும் ஆமணக்கு விதை போல உண்ணிகள் தொங்கத் தொடங்கிய பிறகுதான். அந்த நேரத்தில் மருந்து தேவைதான் என்றாலும், தொங்கும் உண்ணி இன்று வந்ததன்று. அதன் தாய் ஏறத்தாழ இரண்டு மாதத்திற்கு முன்பு, அப்போது பெய்த மழையின் ஈரத்தில், புல்லடியில் முட்டையிட்டிருக்கும். ஆகவே மாட்டின் உடலை மட்டும் பார்த்து மருந்தடிப்பவர் எப்போதும் இரண்டு மாதம் பிந்தியே இருப்பார். மழையின் போக்கைப் பார்த்து முன்கூட்டியே செயல்படுவது எப்படி என்பதையே இந்த வழிகாட்டி விளக்குகிறது.

நம் மாடுகளைப் பிடிக்கும் உண்ணி எது

மலேசியாவில் மாடுகளுக்கு அதிகத் தீங்கு செய்வது ரைபிசெபாலஸ் மைக்ரோபிளஸ் என்னும் மாட்டு உண்ணி. இது ஒரே மாட்டின் மேல் தன் வளர்ச்சி முழுவதையும் முடிக்கும் வகையைச் சேர்ந்தது. ஆறு கால்களுடன் புல் நுனியில் காத்திருக்கும் குஞ்சு, மாடு உரசிச் செல்லும்போது அதன் மேல் ஏறி ஒட்டிக்கொள்கிறது. அதே உடலில் இருமுறை தோலுரித்து, வளர்ந்து, இணைசேர்ந்து, இறுதியில் இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணியாகத் தரையில் விழுகிறது. ஏறிய நாளிலிருந்து விழும் நாள்வரை ஏறக்குறைய 21 நாள் ஆகும். இந்த 21 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தடிக்கும் இடைவெளி முழுவதும் இதைச் சார்ந்ததே.

ஹீமாபைசாலிஸ் பைஸ்பினோசா என்னும் இன்னொரு வகையும் இந்நாட்டு மாடுகளில் காணப்படுகிறது. உருவில் சிறிய இது, ஒவ்வொரு வளர்ச்சி நிலைக்கும் ஒரு விலங்கைப் பிடித்து, இடையில் இருமுறை தரைக்கு இறங்கித் தோலுரிக்கும். நாய், ஆடு ஆகியவற்றின் மேலும் இது ஏறும். எனவே மாட்டுக்கு ஒழுங்காக மருந்தடித்தும் காதுமடலில் சிறிய உண்ணிகள் மீண்டும் மீண்டும் தோன்றினால், கொட்டகையில் படுத்துறங்கும் நாயையும் பக்கத்து வீட்டு ஆட்டையும் பார்க்க வேண்டும்.

நாள் கணக்கு

பருத்த பெண் உண்ணி தரையில் விழுந்ததும் வெயில் படாத ஈரமான இடத்தைத் தேடி நகர்ந்து, இரண்டு மூன்று நாளில் முட்டையிடத் தொடங்குகிறது. ஒரு பெண் உண்ணி ஏறக்குறைய 2,000 முதல் 3,000 முட்டை வரை இட்டுவிட்டு இறந்துபோகிறது. நம் நாட்டு வெப்பத்தில், ஈரம் போதுமானதாக இருந்தால், அவை மூன்று நான்கு வாரத்தில் பொரிகின்றன. பொரித்த குஞ்சுகளுக்கு உடல் இறுகச் சில நாள் தேவை. பிறகு புல் நுனிக்கு ஏறுகின்றன. மாட்டின் மேல் ஏறிய பின் மீண்டும் மூன்று வாரம். இவற்றையெல்லாம் கூட்டினால், ஒரு பெண் உண்ணி விழுந்ததிலிருந்து அதன் மகள் பருத்து நம் கண்ணுக்குத் தெரிவதற்கு ஏழு முதல் பத்து வாரம் ஆகிறது.

இந்தக் கணக்கில் நீளவும் குறுகவும் கூடிய பகுதி ஒன்று உண்டு. அது குஞ்சு புல்லில் காத்திருக்கும் காலம். ஈரப்பதம் உள்ள நிழலில் அது உணவின்றி மூன்று நான்கு மாதம்கூட உயிரோடிருக்கும்; வெட்ட வெயிலில், வறண்ட குட்டைப் புல்லில், மிக விரைவில் உலர்ந்து சாகும். முட்டையும் அப்படித்தான். குளிர்நாடுகளில் உண்ணியின் பருவத்தைத் தீர்மானிப்பது குளிர். நம்மிடம் ஆண்டு முழுவதும் வெப்பம் ஒரே மட்டத்தில் இருப்பதால், உண்ணியின் இனப்பெருக்கம் எந்த மாதத்திலும் நிற்பதில்லை. ஏற்ற இறக்கத்தைத் தருவது மழையும் நிழலும் மட்டுமே.

நம் வட்டாரத்து மழை

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஆண்டுக்கு இரண்டு மழை உச்சங்கள் உள்ளன. அக்டோபர், நவம்பரில் பெரிய மழை. ஏப்ரல், மே மாதங்களில் அதைவிடச் சிறியது. இவற்றுக்கிடையே ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் மழை குறைகிறது. ஐப்பசியில் அடைமழை என்று நம் முன்னோர் கூடவே கொண்டுவந்த வழக்கு பேராக்கிற்கும் ஓரளவு பொருந்திப்போவது ஒரு நல்வாய்ப்பு. சித்திரையில் பெய்யும் மாலை இடிமழைதான் அந்தப் பழைய கணக்கில் அடங்காது.

மழைக் கணக்கையும் நாள் கணக்கையும் பொருத்திப் பார்த்தால், அக்டோபர் தொடக்கத்தில் விழுந்த பெண் உண்ணிகளின் குஞ்சுகள் நவம்பரில் புல் நுனிக்கு வருகின்றன. டிசம்பரில் அவை மாட்டின் மேல் பருத்துத் தொங்குகின்றன. அவை விழுந்து இடும் முட்டைகள் பொரிக்கும் வேளையில் ஜனவரி இறுதியின் வறட்சி தொடங்கிவிடுவதால், அந்தத் தலைமுறையில் பெரும்பகுதி வெட்டவெளியில் உலர்ந்துபோகும். பிப்ரவரி, மார்ச்சில் மாடு ஓரளவு சுத்தமாகத் தெரிவதற்கு இதுவே காரணம். ஏப்ரல் மழையில் எஞ்சியவை மீண்டும் பெருகி, ஜூன், ஜூலையில் இரண்டாம் முறை தொல்லை தருகின்றன.

கிழக்குக் கரையிலோ நவம்பர் முதல் ஜனவரி வரை ஒரே பெருமழை; ஜூன், ஜூலை மாதங்கள் அங்கே வறண்டவை. அங்குள்ளவர்கள் கீழே தரப்படும் தேதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தங்கள் வறண்ட மாதங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரே பட்டணத்திற்குள்ளும் இது இடத்துக்கு இடம் மாறும். பால்மரத் தோட்டங்கள் செம்பனையாக மாறிய பின், மாடுகள் மேயும் இடத்தின் தன்மையே வேறாகிவிட்டது. மட்டைகள் ஒன்றோடொன்று கோத்து நிழல் மூடிய முதிர்ந்த செம்பனையின் அடியில் பிப்ரவரி வெயில் தரையைத் தொடுவதில்லை. அடுக்கிவைத்த மட்டைக் குவியல்களின் ஓரத்தில் ஈரம் நிலைத்திருக்கிறது. மறுநடவு செய்த இளங்கன்றுப் பகுதிகளில் மூடுபயிர்க் கொடி தரையைப் போர்த்தியிருப்பதால், மேலே வெயில் அடித்தாலும் அடியில் ஈரம் காயாது. இப்படிப்பட்ட இடங்களில் மேயும் மாடுகளில் வறண்ட மாதத்தின் இறக்கம் மிகச் சிறியதாகவே இருக்கும். திடல் ஓரத்திலும் மின்கம்பிப் பாதையிலும் குட்டைப் புல் மேயும் மாடுகளிலோ அது தெளிவாகத் தெரியும்.

முதல் வேலை: எண்ணுதல்

உங்கள் இடத்தின் பருவத்தை உங்கள் மாடுதான் காட்டும். பருத்த பெண் உண்ணிகள் பெரும்பாலும் விடியற்காலையிலிருந்து முற்பகலுக்குள் விழுந்துவிடுகின்றன. ஆகவே மதியம் எண்ணினால் குறைவாகவே தெரியும். வாரத்தில் ஒரு நாள், அதிகாலையில் பால் கறக்கும்போது, மந்தையில் மூன்று நான்கு மாடுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள். காது, கழுத்து, அலைதாடி, முன்னங்கால் சந்து, வயிற்றடி, மடி, தொடை இடுக்கு, வாலடி ஆகிய இடங்களில் கையால் தடவிப் பார்க்க வேண்டும். நீளத்தில் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெண் உண்ணிகளை மட்டும் எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். அந்த அளவை எட்டியவை அடுத்த ஒரு நாளுக்குள் விழவிருப்பவை என்பதால், உங்கள் எண்ணிக்கை நாளைய புல்வெளியின் கணக்காகிறது. ஒரு பக்கத்தில் 20 என்றால், அந்த ஒரு மாடு ஒரே நாளில் 40 பெண் உண்ணிகளை, அதாவது குறைந்தது 80,000 முட்டைகளை, மேய்ச்சல் நிலத்தில் விதைக்கப்போகிறது.

எந்த மாட்டை எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். கெடா-கிளந்தான் மாடும், நம்மவர்கள் தலைமுறைகளாக வளர்த்துவந்த இந்திய வழி உள்ளூர்ப் பால்மாடும் திமில் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் உடல் உண்ணியை இயல்பாகவே பெருமளவு எதிர்க்கிறது. பிரீசியன் என்னும் ஐரோப்பியப் பால்மாட்டின் இரத்தம் கூடக்கூட அந்த எதிர்ப்பு குறைகிறது. ஒரே மந்தையிலும் சில மாடுகள் மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு உண்ணி சுமப்பதைக் காணலாம். அவற்றை எண்ணிக்கையில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். மீண்டும் மீண்டும் அப்படிச் சுமக்கும் பசுவின் கன்றை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளாமல் விற்றுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

இரண்டாம் வேலை: மருந்தடிக்கும் காலத்தை முன்னிறுத்துதல்

உண்ணி உச்சத்தில் இருக்கும்போது தொடங்குவதைவிட, அது தாழ்ந்திருக்கும்போது தொடங்குவது பலனளிக்கும். வறண்ட மாதத்தில் புல்லில் உள்ள குஞ்சுகளை வெயில் கொல்கிறது. அதே காலத்தில் மாட்டிலிருந்து ஒரு பெண் உண்ணியும் விழாமல் பார்த்துக்கொண்டால், மழை தொடங்கும்போது பெருகுவதற்கு விதையே குறைந்துபோகும். அதனால் ஆண்டுக்கு இரண்டு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் 21 நாள் இடைவெளியில் மூன்று முறை என்று திட்டமிடுங்கள். எடுத்துக்காட்டாக, பிப்ரவரி 10, மார்ச் 3, மார்ச் 24 ஆகிய நாள்கள் முதல் சுற்று. ஜூலை 15, ஆகஸ்ட் 5, ஆகஸ்ட் 26 ஆகியவை இரண்டாம் சுற்று. குஞ்சு ஏறிய 21 நாளில் பருத்து விழும் என்பதால், இந்த இடைவெளி தவறினால் நடுவில் ஒரு தலைமுறை தரைக்கு இறங்கிவிடும். ஒருமுறை அடித்துவிட்டு, உண்ணி கண்ணில் படவில்லை என்று இரண்டாம் முறையை விட்டுவிடுவதுதான் நம்மிடையே பரவலாகக் காணப்படும் குறை.

முதிர்ந்த செம்பனை நிழலில் மட்டும் மேயும் மந்தைக்கு மூன்று முறை போதாது. நிழலில் குஞ்சுகள் நீண்ட நாள் வாழ்வதால் ஐந்து முறை வரை தொடர வேண்டியிருக்கும். அக்டோபர் முதல் ஜனவரி வரை நாள் குறித்து அடிக்காமல் எண்ணிக்கையை நம்புங்கள். கலப்பினப் பால்மாட்டில் ஒரு பக்கத்தில் 20-ஐத் தாண்டினால் அடிப்பது என்பது நான் ஏற்றுக்கொள்ளும் எல்லை. திமில் இன மாடு அதைவிடக் கூடுதலாகத் தாங்கும்.

மூன்றாம் வேலை: மருந்தைச் சரியாகச் செலுத்துதல்

சந்தையில் கிடைக்கும் உண்ணி மருந்துகளின் வணிகப் பெயர்கள் பலவாயினும், அவற்றின் உட்பொருள் சில வகைகளுக்குள் அடங்கும். அமிட்ராஸ் ஒரு வகை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஃபுளுமெத்ரின் மூன்றும் வேறு பெயர்களில் விற்கப்பட்டாலும் ஒரே குடும்பம். ஐவர்மெக்டின் ஊசி இன்னொரு வகை. ஒரே குடும்பத்து மருந்தை ஆண்டுக்கணக்கில் அடித்தால் உண்ணிகள் அதற்குப் பழகிப் பிழைத்துக்கொள்கின்றன. உலகின் பல பகுதிகளில் இது நடந்திருக்கிறது. டப்பாவை மாற்றுவது மருந்தை மாற்றியதாகாது என்பதால், பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள உட்பொருள் பெயரைப் படித்தே வாங்குங்கள். சரியாக அடித்த ஒரு வாரத்திற்குப் பின்னும் பருத்த உண்ணிகள் உயிரோடு தொங்கினால், அளவைக் கூட்டாமல், வகையை மாற்றக் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

12.5 விழுக்காட்டு அமிட்ராஸ் திரவத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லிலிட்டர் என்பது மாட்டுக்கு வழக்கமான கலவை. கலந்த மருந்தை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். பெரிய மாட்டுக்குப் பல லிட்டர் கலவை தேவைப்படும். முதுகில் தூவிவிட்டு நிறுத்தாமல், உடல் முழுவதும் நனைந்து வயிற்றடியிலிருந்து சொட்டும் வரை அடிக்க வேண்டும். காதின் உட்புறத்தையும் வாலடியையும் துணியால் நனைத்துத் துடைத்துவிடுங்கள். அங்கே தப்பியவைதான் அடுத்த தலைமுறைக்கு வழிவகுக்கின்றன. குதிரைக்கு அமிட்ராஸ் ஆபத்தானது.

முதுகுத்தண்டின் மேல் ஊற்றும் மருந்துக்கும் ஊசிக்கும் மாட்டின் எடை தெரிய வேண்டும். தராசு இல்லாதவர்கள், முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையிலான நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 120 என்றால் சுமார் 249 கிலோ. கண்மதிப்பாகக் குறைத்துக் கொடுக்கும் மருந்தே உண்ணிக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கிறது.

பால் தரும் பசுவுக்கு ஐவர்மெக்டின் ஊசி கூடாது. மற்ற மருந்துகளிலும் எத்தனை நாள் பாலையும் இறைச்சியையும் விற்கக்கூடாது என்பது உறையில் எழுதியிருக்கும். காலையில் லயத்து வீடுகளுக்குப் பால் ஊற்றுபவர் அதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் மழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், காலையில் அடித்து, உடல் உலரும்வரை மாட்டைக் கூரையடியில் நிறுத்துங்கள். கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் மருந்துத் தெளிப்பானைத் தொடாதீர்கள். தெளிப்பானை ஓடையிலோ சுங்கை புளுஸ் ஆற்றங்கரையிலோ கழுவக் கூடாது. சைபர்மெத்ரின் குடும்பத்து மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீன்களைக் கொன்றுவிடும்.

பழைய என்ஜின் எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் மாட்டின் மேல் பூசும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது தோலைப் புண்ணாக்கும். மாடு நக்கினால் உள்ளேயும் போகும். வேப்பெண்ணெய்க்கு ஓரளவு பலன் உண்டு என்றாலும், முற்றிய தாக்குதலில் அதை மட்டும் நம்ப முடியாது. மாலையில் கொட்டகையில் போடும் புகைமூட்டம் கொசுவையும் ஈயையும் விரட்டும். ஒட்டிக்கொண்ட உண்ணியை ஒன்றும் செய்யாது.

நான்காம் வேலை: கொட்டகை

விடியற்காலையில்தான் உண்ணி விழுகிறது என்பதும், விடியற்காலையில் நம் மாடுகள் கறவைக்காகக் கொட்டகையில் கட்டப்பட்டிருக்கின்றன என்பதும் சேர்ந்தால், கணிசமான பெண் உண்ணிகள் கொட்டகைத் தரையிலேயே விழுகின்றன என்பது விளங்கும். இது ஒரு வசதி. தோட்டம் முழுவதும் தேட முடியாததை இங்கே ஓரிடத்தில் பிடித்துவிடலாம். மாடுகளை அவிழ்த்துவிட்டதும் தரையைச் சுரண்டிக் கூட்டி, குப்பையைத் தொலைவில் எரித்துவிட வேண்டும். மரத்தூணின் வெடிப்புகளும், சிமெண்ட் தரையின் கீறல்களும், ரப்பர் விரிப்பின் அடிப்புறமும் முட்டையிடும் மறைவிடங்கள். கீறல்களைச் சிமெண்டால் அடைத்து, தூணுக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு அடியுங்கள். மருந்தடிக்கும் நாளில் மாடு இல்லாத நேரத்தில் இந்த மறைவிடங்களையும் நனைத்துவிடலாம். கொட்டகையைச் சுற்றிக் கம்பத்துக் கோழிகளை விட்டு வளர்ப்பவர்கள் தெரியாமலே நல்ல காரியம் செய்கிறார்கள்: கோழி பருத்த உண்ணியை விரும்பிக் கொத்தும். ஆனால் தரையில் மருந்து தெளித்த நாளிலும், அது உலரும்வரையிலும் கோழிகளை அடைத்துவைக்க வேண்டும்.

கையால் பிடுங்கிய உண்ணியைக் கொட்டகை ஓரத்தில் வீசுவது வீண் வேலை. பருத்த பெண் உண்ணி பிடுங்கிய பின்னும் முட்டையிடும். சோப்புத் தண்ணீர் உள்ள டப்பாவில் போட்டு, பிறகு கொதிநீர் ஊற்றிக் கொன்றுவிடுங்கள்.

ஐந்தாம் வேலை: மேய்ச்சல்

செம்பனைத் தோட்டத்தில் நிர்வாகத்தின் அனுமதியுடன் மேய்ப்பவர்கள், மின்வேலி கட்டி, பகுதி பகுதியாக மாட்டை நகர்த்துவது நல்லது. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அதே பகுதிக்குத் திரும்பும் வழக்கமான சுழற்சி புல்லுக்குப் போதுமானது. உண்ணிக்குப் போதாது, ஏனெனில் நிழலில் குஞ்சுகள் அதைவிட நீண்ட நாள் காத்திருக்கும். அதனால் மருந்தடித்த மறுநாளே புதிய பகுதிக்கு மாற்றும்படி சுழற்சியையும் மருந்து நாளையும் ஒன்றுபடுத்துங்கள். எந்தப் பகுதியில் எப்போது களைக்கொல்லி அடிக்கிறார்கள் என்பதையும் தோட்டத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய மாடும் காய்ச்சலும்

வெளியிலிருந்து வாங்கிய மாட்டை மருந்தடித்து, மூன்று வாரம் தனியாகக் கட்டிய பிறகே மந்தையில் சேருங்கள். உண்ணி இல்லாத இடத்தில் வளர்ந்த மாட்டுக்கு நம் மந்தையே ஆபத்து என்பதை மறக்கக் கூடாது. உண்ணி பரப்பும் பேபிசியா, அனாபிளாஸ்மா நோய்களுக்கு நம் கன்றுகள் சிறுவயதிலேயே ஆட்பட்டு, இயற்கையான இளவயதுப் பாதுகாப்பின் துணையால் தாங்கி, எதிர்ப்பைப் பெற்றுவிடுகின்றன. அந்தப் பழக்கம் இல்லாத வளர்ந்த மாடு விழுந்துவிடும். உண்ணியை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்று நான் எங்கும் எழுதாததற்கும் இதுவே காரணம்: ஓரிரு ஆண்டு உண்ணியே இல்லாமல் வளர்ந்த கன்றுகள், பிறகு ஒரு மழைக்காலத்தில் திடீரெனக் கடிபடும்போது நோய்க்குப் பலியாகலாம். உண்ணி மூலம் ஒரு நோய் பரவ முடியும் என்பதையே 1893-இல் அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் இருவரும் இந்தப் பேபிசியா காய்ச்சலை ஆராய்ந்துதான் முதன்முதலில் மெய்ப்பித்தார்கள்.

பேபிசியாவில் கடும் காய்ச்சலும், வெளிறிய கண்ணிமையும், காப்பி நிறமாகவோ சிவப்பாகவோ சிறுநீரும் தோன்றும். உண்ணி ஏறி இரண்டு மூன்று வாரத்தில் இது வெளிப்படலாம். அனாபிளாஸ்மாவில் சிறுநீர் சிவக்காது. மஞ்சள் காமாலையும் மலச்சிக்கலும் சோர்வும் காணும், நோய் வெளிப்படவும் கூடுதல் நாள் பிடிக்கும். ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குப் போடுவதாலும் அது பரவும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதால் ஊகித்து ஊசி போடாதீர்கள். டிசம்பர், ஜனவரியிலும் ஜூன், ஜூலையிலும் மாடு தீனி எடுக்காமல் நின்றால், முதலில் சிறுநீரின் நிறத்தையும் கண்ணிமையின் உட்புறத்தையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அன்றே கால்நடைச் சேவைத் துறையின் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, மருத்துவர் மருந்து கொடுப்பதற்கு முன்பாகக் காதோரத்திலிருந்தோ வால் நுனியிலிருந்தோ இரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கடைசியாக எந்த நாளில் எந்த உட்பொருள் கொண்ட உண்ணி மருந்து அடித்தீர்கள், அந்த மாடு எப்போது மந்தைக்கு வந்தது, கடந்த சில வாரங்களில் எண்ணிக்கை எவ்வளவு இருந்தது என்னும் விவரங்களைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அவர் வேலை பாதி குறையும். மாட்டை அதுவரை நிழலில் கட்டி, தண்ணீர் வைத்து, தொலைவுக்கு நடக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்தம் குறைந்த மாடு நடையிலேயே சரிந்துவிடக்கூடும்.